ஒரு கட்டில் காலியாகும் வரை

என் மனுசன் சேவியர் எழுதித் தந்த பட்டியலில் பதினொரு வேலைகள் இருந்தன. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதி, புது அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம், வீட்டு ஓடு, கிணற்றுத் தண்ணீர் என்று இறங்கிக்கொண்டே போனது. பதினோராவதைக் கடதாசியின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தார்: "மெசின் இருக்கோ எண்டு கேள்."

இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், இருபத்தொரு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்ப நினைத்த குடும்பம் நாங்கள். சேவியருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம், மெசினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இதயமும் பலவீனமானதால் மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீடு நான்காம் மாடியில், லிஃப்ட் இல்லை. மெசின் இல்லாத நாட்களில் சன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, எங்கள் ஊரான எத்தாளையில் இப்போது என்ன காற்று என்று தமக்கையிடம் போனில் விசாரிப்பார்.

"ஊருக்குப் போவம் ரெஜினா" என்று அவர் சொன்னபோது நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்ல நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றேன். பலேர்மோவிலேயே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் இரண்டு கிழமை தகப்பனைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நாங்கள் போனாலும் தான் வரப்போவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எத்தாளைக்கு வந்து சேர்ந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் சின்ன வெங்காயம் நீர் தெளிப்பானில் நனைந்துகொண்டிருந்தது. மச்சாள் பிலோமினா, அதுதான் சேவியரின் தமக்கை, வாசலிலேயே ஒரு தம்பிலியை வெட்டிக் கையில் தந்தார். செவ்விளநீரை எங்கள் பக்கம் எல்லோரும் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வோம். குடித்து முடித்ததும் சாப்பாடு: கட்டாக் கருவாட்டுக் குழம்பு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம்.

சாப்பிட்டுவிட்டு, பலேர்மோ ஆஸ்பத்திரியில் தந்த உணவுத் தாளை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். உப்பு கூடாது. கருவாடு கூடவே கூடாது. பருப்பு, வாழைப்பழம், இளநீர், கீரை, பலாக்காய் எதுவும் கூடாது. தண்ணீர்கூட அளந்துதான்.

"அப்ப என்னத்தத் திண்டு உசிரோட இருக்கிறது?" என்றார் மச்சாள்.

"சோறு. ஒரு துண்டு மீன். மரக்கறியை அவிச்சு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுத் திண்ணலாம்."

மச்சாள் மேசையில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். "அதை அங்கயே இருந்து திண்ணலாமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் இருபது தடவை மனதுக்குள் சொல்லி, ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லாத வசனம் அது.

திங்கட்கிழமை பட்டியலை மேலிருந்து தொடங்கினேன். கிராம சேவகர் மரியாதையான மனிதர், கதிரை தந்து உட்காரச் சொன்னார். "இங்க வதியுறதா கடிதம் தரலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் இங்க வதியோணுமே அக்கா" என்றார்.

"வரத்தான் போறம். அடையாள அட்டை எடுக்க இந்தக் கடிதம் வேணுமாம்."

"வந்து இருங்க, அடுத்த நாளே தாறன்."

அவர் சொல்வதில் பிழை ஒன்றுமில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இன்னொரு சிக்கல். அதில் சவரிமுத்து சேவியர். பாஸ்போர்ட்டில் சவேரிமுத்து சேவியர். ஒரு கொம்புதான் வித்தியாசம். அதற்குச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். நல்ல காலம், நாங்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டை விடவில்லை. விட்டவர்கள் பிரசாவுரிமையைத் திரும்ப எடுக்க அலைவதைப் பலேர்மோவில் பார்த்திருக்கிறேன்.

பின்னேரம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புத்தி வந்தது. மெசின் இல்லையென்றால் மற்றப் பத்து வேலையும் வீண். பட்டியலைக் கீழிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நோயாளியோடு ஊர் திரும்ப நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கிராம சேவகர்.

அப்போது ஒரு யோசனை வந்தது. சேவியர் எப்படிப் போக வேண்டியிருக்குமோ அதே மாதிரி, அதே நேரத்துக்கு, நானே போய் வந்து பார்ப்பது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மெசின் இருந்தது, முதல் முறைக்காரருக்குக் காலை ஏழுக்குக் கட்டில். ஐந்தரைக்கு வெளிக்கிட வேண்டும்.

புதன்கிழமை பஸ்ஸில் போனேன். ஐந்தரைக்கு வர வேண்டிய பஸ் ஆறு பத்துக்கு வந்தது. மீன் பெட்டிகள் ஏற ஒரு நிறுத்தம், பள்ளிப் பிள்ளைகள் ஏற நாலு நிறுத்தம். பாலாவிச் சந்தி வரை நின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எட்டேகால். பலேர்மோவில் தொண்டர்களின் வேன் வீட்டு வாசலுக்கே வரும். தாமதமானால் மன்னிப்புக் கேட்பார்கள். பஸ்ஸைக் கணக்கிலிருந்து வெட்டினேன்.

மெசின் வார்டில் எட்டுக் கட்டில்கள். பொறுப்பான நேர்ஸ் ஐம்பது வயதுக்காரி. எல்லோரும் 'மிஸ்' என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சிங்களத்தில் பேசினார். எங்கள் கரையில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்த எனக்கு அது கஷ்டமில்லை.

"எட்டுக் கட்டில், ஒரு நாளைக்கு மூன்று முறை, எல்லாம் நிரம்பிவிட்டது" என்றார். "இங்கே இடம் இரண்டு விதமாகத்தான் வரும். ஒருவருக்குச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால்..." பேனையை மூடினார்.

நான் கொண்டுபோன அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தார். முழுக்க இத்தாலி மொழி. "இதை யார் வாசிப்பது? வெள்ளிக்கிழமை டொக்டர் வருவார். அதற்குள் ஆங்கிலத்தில் கொண்டு வாருங்கள்."

வெளியே வாங்கில் உட்கார்ந்தேன். நான்கு மணித்தியாலம் அங்கே காத்திருப்பது எப்படி என்பதையும் பார்க்கத்தானே வந்தேன். பதினொரு மணிபோல முதல் முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக ஒருவர் எனக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"இடம் கேட்டு வந்தீங்களா தங்கச்சி?"

"ஓம். என்ட மனுசனுக்கு."

"நானும் இந்த வாங்கில நாலு மாசம் இருந்து எடுத்ததுதான். அல்லாஹ் தந்தான்" என்றார். பெயர் ஹனிபா. எல்லோருக்கும் ஹனிபா நானா, அதாவது அண்ணன். சொந்த ஊர் மன்னார்ப் பக்கம், முசலி. யுத்த நேரம், தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, மனைவியோடும் மூன்று ஆண் பிள்ளைகளோடும் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். யுத்தம் முடிந்ததும் பிள்ளைகள் மூவரும் திரும்பிப் போய்க் காடு வெட்டி, வீடு கட்டிவிட்டார்கள். இவர் மட்டும் இங்கே, அகதிகளாக வந்தவர்களின் குடியிருப்பில், தங்கை வீட்டில்.

"நீங்க போகல்லையா நானா?"

"மெசின் இங்கதானே இருக்கு" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை முழுவதும் மச்சாளின் சாப்பாட்டு மேசையில் ஒரு கொப்பியோடு கழிந்தது. நான் இத்தாலியக் கிழவிகளின் வீடுகளைத் துடைத்துப் பிழைத்தவள். எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி அவர்கள் வாயிலிருந்து வந்தது. நோய்களின் பெயர்களெல்லாம் அத்துப்படி. ஆனால் அவற்றுக்கு ஆங்கிலம் தெரியாது. போனில் தேடித் தேடி எழுதினேன். மெசினில் எத்தனை மணித்தியாலம், கையில் ஊசி குத்தும் இடத்தில் எப்போது ஒப்பரேஷன் செய்தது, உடம்பில் மிகைத் தண்ணீர் இல்லாதபோது எத்தனை கிலோ. இத்தாலியர் அதை 'காய்ந்த எடை' என்பார்கள். அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன், பிழையோ சரியோ தெரியாமல். இதையெல்லாம் அங்கேயே முத்திரை குத்தி மொழிபெயர்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அது பட்டியலிலேயே இல்லை.

வெள்ளிக்கிழமை ஓட்டோ. மச்சாளின் அயல்வீட்டு நஸீர் ஓட்டுகிறவர், முப்பது வயது மதிக்கலாம். ஐந்தரைக்கு என்றால் ஐந்து இருபதுக்கே வாசலில் ஹோர்ன் அடித்தார். கடற்களப்புப் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. இந்த வேகத்தில் போனால் ஆறரைக்கே போய்விடலாம் என்று நான் நினைத்து முடிக்கவில்லை, உப்பளத்துக்குப் பக்கத்தில் பின் டயர் காற்றுப் போயிற்று.

நஸீர் இறங்கிப் பார்த்தார். பின்னால் திறந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஸ்பெயார் டயர் வீட்டில அக்கா. நோயாளி ஒருத்தர ஏத்தினா நான் அது இல்லாம வருவனா?"

"நோயாளி இருக்கிறதா நினைச்சு வரச் சொல்லித்தானே சொன்னனான் தம்பி."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. போனில் யாரையோ கூப்பிட்டார். நான் ரோட்டோரம் நின்றேன். உப்புக் காற்று சேலையைப் பிடுங்கியது, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மெசினிலிருந்து இறங்கினால் சேவியருக்குப் பிரஷர் விழும், கால் நடுங்கும். திரும்பி வரும் வழியில் இப்படி நடந்தால் அவரை எங்கே உட்கார வைப்பது? நாற்பது நிமிடம் கழித்து நஸீரின் கூட்டாளி டயரோடு வந்தார். அந்த நாற்பது நிமிடமும் "வேண்டாம், இது சரிவராது" என்று சேவியருக்குச் சொல்ல வேண்டிய வசனங்களை மனதுக்குள் கோர்த்துக்கொண்டே நின்றேன்.

டொக்டர் என் கொப்பியை நின்றபடியே வாசித்தார். இளம் பெடியன், கண்ணாடி போட்டவர். "காய்ந்த எடை என்பது சரி. நாங்களும் அப்படித்தான் சொல்வோம்" என்றார். இரண்டு சொற்களைத் திருத்தினார். வருவதற்கு முன் ஒரு மாதத்துக்குள் எடுத்த இரத்தப் பரிசோதனைகள், ஈரல் அழற்சிக்கானவை கட்டாயம் வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். பிறகு மிஸ் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து, சவரிமுத்து சேவியர், எத்தாளை என்று எழுதினார். வரிசையில் ஐந்தாவது பெயர்.

"எத்தனை மாதம் எடுக்கும்?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தொலைபேசி இலக்கத்தை மாற்றாதீர்கள்."

வெளியே வரும்போது நெஞ்சு லேசாகியிருந்தது. ஐந்தாவது என்றால் இப்போதைக்கு இல்லை. ஒரு வருடம் ஆகலாம், அதற்குள் அவர் மனமும் மாறலாம். நான் குழாயடியில் முகம் கழுவினேன். என் புருசனுக்கு இடமில்லை என்ற செய்தியில் எனக்கு நிம்மதி வருகிறதே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நஸீர் இரண்டு ஸ்பெயார் டயரோடு வந்தார். அன்று டயர் போகவில்லை. கழுதைகள் வந்தன. எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்கு முதலாளி கிடையாது. பதினைந்து இருபது ரோட்டை மறித்து நின்றுகொண்டு, ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் ஆட்டின. நஸீர் இறங்கிப் போய் ஒன்றன் முதுகில் தட்டி ஏதோ சொன்னார், எல்லாம் ஒதுங்கின. "என்ன சொன்னனீங்க?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போறம் எண்டு சொன்னன்" என்றார். ஆறு நாற்பதுக்கு வாசலில் இறங்கினோம்.

அன்று ஹனிபா நானா மெசினிலிருந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். மன்னாரில் அவருக்கு இடம் இருப்பதாக அங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம். மகன் அலைந்து எடுத்தது.

"இது வந்து இருபது நாள். இன்னும் மிஸ்ஸுட்டக் குடுக்கல்ல" என்றார்.

நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். அவர் போனால் ஐந்து நான்காகும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"ஏன் நானா குடுக்கல்ல?"

"குடுத்தா இந்தக் கட்டில் போயிடும். அங்க போய் ஒத்துவரல்லண்டா? புள்ளைகள் நல்லவங்க. ஆனா இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல இங்க. மனிசிய அடக்கின கபுறும் இங்க. நீங்க வெளிநாட்டில இருந்து வந்த ஆள், நாலையும் பாத்திருப்பீங்க. நான் போறதா, இருக்கிறதா?"

 பலேர்மோவில் கோடை விடுமுறைக்கு வடக்கு இத்தாலிக்காரர் வரும்போது, அவர்களுக்கு இரண்டு கிழமைக்குத் தற்காலிக இடம் தருவார்கள். அவர்களுடைய ஊர்க் கட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கும். அதைச் சொன்னேன்.

"போய்ப் பாத்திட்டு முடிவெடுங்க நானா. நானும் அதுக்குத்தானே வந்திருக்கிறன். இந்தக் கட்டிலை ரெண்டு கிழமை பிடிச்சு வைக்க ஏலுமா எண்டு மிஸ்ஸைக் கேப்பம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கட மனுசன்ட பேர் அஞ்சாவதாமே. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஓம்."

அவருக்காகச் சொன்னேனா, அந்தக் கட்டில் சீக்கிரம் காலியாகக் கூடாது என்று எனக்காகச் சொன்னேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். இரண்டு பேருமாக மிஸ்ஸிடம் போனோம். அவர் கடிதத்தைப் படித்தார், புத்தகத்தைப் பார்த்தார். "இரண்டு கிழமை. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அந்த நாட்களுக்கு வார்டில் இருக்கும் அவசர நோயாளிகளைப் போடுவேன்" என்றார். ஹனிபா நானா தொப்பியைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். தங்கைக்குப் போன் போட்டு, "சாமான் கட்டத் தேவல்ல, ரெண்டு சாரம் போதும்" என்று சொன்னது கேட்டது.

அன்று பின்னேரம் சேவியரோடு பேசினேன். பஸ், டயர், கழுதை, கொப்பி எல்லாம் சொல்லி, கடைசியில் ஐந்தாவது என்றேன். கவலைப்படுவார் என்று நினைத்தேன்.

"அஞ்சாவதா? அப்ப பேர் எழுதியாச்சு" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"எழுதியாச்சு. ஆனா கேளுங்க, இங்க வந்து கருவாடு திண்ண ஏலாது. தம்பிலி குடிக்க ஏலாது. ஒண்டும் ஏலாது."

"கருவாடு பொரிக்கிற மணத்துக்கும் தடையோ?"

எனக்குக் கோபம் வந்தது. "எனக்குப் பயமா இருக்கு சேவியர். பிள்ளையை விட்டுப்போட்டு, இந்த ரோட்டில உங்களையும் கூட்டிக்கொண்டு. எனக்கு வர மனமில்லை." முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

 அவர் மெதுவாகச் சொன்னார்: "தெரியும். நீ ஓம் எண்டு சொல்லாத அண்டைக்கே தெரியும். எனக்கும் பயம்தான். ஆனா இங்க நான் செத்தாத்தான் கீழ் வீட்டுக்காரனுக்கு என்ட பேர் தெரியவரும். அங்க என்னைத் திட்டுறதுக்காவது நாலு பேர் இருக்கு. நீ மாட்டன் எண்டா நான் கேக்கமாட்டன் ரெஜினா."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. மிச்ச நாட்களில் மற்ற வேலைகளை முடித்தேன். சத்தியக் கடதாசி முடிந்தது. வெங்காயத் தோட்டத்து உரம் எங்கள் மணல் கிணறுகளில் இறங்கியிருக்கும் என்று சொன்னார்கள். குடிக்கக் குழாய்த் தண்ணீர் எடுக்க ஏற்பாடு செய்தேன். முன் அறையில் படி இல்லாமல் கட்டில் போட இடம் பார்த்தேன். நஸீரிடம் கிழமைக்கு மூன்று நாள் பேசி வைத்தேன். மனமில்லாத வேலைக்கு இவ்வளவு கவனமாகவா ஓடித் திரிகிறாய் என்று மச்சாள் கேட்டார். நான் பட்டியலில் அடுத்ததை வெட்டினேன்.

ஏழு மாதம் கழித்து, பலேர்மோவில் ஒரு கிழவியின் வீட்டில் உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மிஸ்ஸின் குரல். "பத்து நாளைக்குள் வர முடியுமா?" முடியும் என்றேன். யாருடைய கட்டில் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மாதா மாதம் புதிதாக எடுத்து வைத்த இரத்தப் பரிசோதனைகளும் முத்திரை குத்திய மொழிபெயர்ப்பும் ஏற்கெனவே தயாராக இருந்தன. மகள் விமான நிலையம் வரை வந்து, அழாமல் நின்று, நாங்கள் உள்ளே போன பிறகு அழுததாகப் பிறகு சொன்னாள். திங்கட்கிழமை காலை மெசினிலிருந்து இறங்கிய சேவியர் அன்று பின்னேரமே விமானம் ஏறினார். புதன்கிழமை காலை எத்தாளையிலிருந்து நஸீரின் ஓட்டோவில் போனோம். ஆறு ஐம்பதுக்கு வார்டுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு நுழைந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஹனிபா நானா.

"நீங்க மன்னார் போகல்லையா?" என்றேன்.

"போனேன் தங்கச்சி. பதிமூணு நாள் இருந்தேன். ஊர் நல்லா இருக்கு, வீடு நல்லா இருக்கு, மெசினும் நல்லது. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் இங்கதான். அங்க பள்ளிவாசலுக்குப் போனா, நான் யாருண்டு மகன் சொல்லிக் குடுக்க வேண்டி இருக்கு." பிறகு சேவியரைப் பார்த்தார். "இவர்தான் அந்த அஞ்சாவது ஆளா? எத்தாளையில எந்தப் பக்கம் தம்பி?"

சேவியர் சொல்லத் தொடங்கினார். கோயிலுக்குப் பின் ஒழுங்கை, அதில் மூன்றாவது வளவு, அப்பா இன்னார், அவருடைய வள்ளம் இன்னது. நானாவுக்கு அந்த வள்ளத்தைத் தெரிந்திருந்தது. தொண்ணூறில் வந்திறங்கியபோது கரையில் பார்த்திருக்கிறாராம். நான் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தேன். பலேர்மோவில் அந்த நான்கு மணித்தியாலமும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நித்திரை கொள்வார். இங்கே கதவு சாத்தியிருந்தும் அவருடைய குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்பது மணிபோல மிஸ் வெளியே வந்தார். நான் பயந்து எழுந்தேன்.

"ஒன்றுமில்லை, இருங்கள்" என்றார். "உள்ளே போய் உங்கள் கணவரைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்கள். கதைத்துக் கதைத்துப் பிரஷர் ஏறுகிறது."